மோட்டார் ஓடலையா, தண்ணி வரலையா? – லினக்ஸ் ப்ராசஸ் பற்றி ஒரு சிறு பாடம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குக் கவிதை எல்லாம் வராதுண்ணே" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "லேப்ல ஒரு கூத்து பண்ணினியே, அதை எழுதுடா. ஜூனியர் பசங்களுக்காவது உபயோகப்படும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். இது ஒரு பாடம். கூடவே நான் செய்த ஒரு தவற்றின் கதையும்.

முதலில் ஒரு குறிப்பு. மலர் தமிழில் அச்சாவதால் கட்டளைகளை எல்லாம் காதில் கேட்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

நடந்தது என்ன?

நான் கணினிப் பொறியியல் இரண்டாமாண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதில் பெருமை உண்டு, பயமும் உண்டு. வகுப்பில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்க மாட்டேன். கேட்டால் "இவனுக்கு ஒண்ணுமே தெரியலை" என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! அதனால் பக்கத்தில் இருப்பவனிடம் மெதுவாக, அரைகுறையாகக் கேட்டுக்கொள்வதே வழக்கமாகிவிட்டது.

அப்போது எங்கள் லினக்ஸ் லேபில் ஒரு சர்வர். அதில் நாங்கள் அனைவரும் ஒரே யூசர் பெயரில்தான் நுழைவோம். அன்று நான் பத்து எண்களைக் கூட்டும் சி புரோகிராம் ஒன்றை எழுதினேன். ஜி.சி.சி. கொண்டு கம்பைல் செய்யும்போது நாம் பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் அது தானாகவே ஏ.அவுட் என்று ஒரு ஃபைலை உண்டாக்கும். (அசெம்ப்ளர் அவுட்புட் என்பதன் சுருக்கமே இந்தப் பெயர். பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்து வருகிறது.) லேபில் யாருமே பெயர் கொடுக்க மாட்டோம். அதாவது அந்த நேரத்தில் லேபில் ஓடிக்கொண்டிருந்த எல்லோருடைய புரோகிராமுக்கும் ஒரே பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.அவுட்டை ஓட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் சிமிட்டுகிறது. ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது.

"டேய், புரோகிராம் ஹேங் ஆயிடுச்சு. எப்படிடா க்ளோஸ் பண்றது?" என்று பக்கத்து நண்பனைக் கேட்டேன்.

அவன் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கில்ஆல் போட்டு, மைனஸ் 9, ஏ.அவுட்னு தட்டு. செத்துடும்" என்றான்.

வேறொரு ஜன்னலைத் திறந்து தட்டினேன். என் புரோகிராம் செத்தது. உடனே முன் வரிசையில் நாலைந்து பேர், "என்னோடது நின்னுடுச்சு, என்னோடதும்!" என்றார்கள். எல்லாருடைய திரையிலும் 'கில்டு' என்று ஒரே ஒரு சொல். மூலையில் சர்வர் அருகே உட்கார்ந்திருந்த மூன்றாமாண்டு அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. எழுந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருக்கு ப்ராஜக்ட் ரிவ்யூ. ஒரு சென்சாரை இணைத்து, நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் புரோகிராமைக் காலை 9.30க்குத் தொடங்கியிருந்தார். நான் அந்தக் கட்டளையைத் தட்டியது 12.50க்கு. ஏறத்தாழ 200 அளவுகள். எல்லாம் மெமரியில்தான் இருந்தன. ஃபைலில் இன்னும் ஏறவில்லை. அவருடைய புரோகிராமின் பெயரும் ஏ.அவுட்தான்.

எல்லோருக்கும் ஒரே யூசர் பெயர் என்பதால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இரண்டு நிமிடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு முடியவில்லை. போய், "அக்கா, நான்தான்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன தட்டினே? ஒரு எழுத்து விடாம அப்படியே சொல்லு."

அதுதான் அன்று அந்த லேபில் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி.

அப்பாவின் மோட்டார்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கிணற்றில் 5 எச்.பி. மோட்டார். காலையில் தண்ணீர் ஏறவில்லை. அப்பா டவுனில் இருக்கும் மோட்டார் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் ஏறல. மூணு லைட்டும் எரியுது. சத்தம் எப்பவும் விட லேசா இருக்கு. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஊத்துச்சு. ராத்திரி மழையில கிணத்துல சருகு நிறைய விழுந்திருக்கு. நான் நிறுத்தி ஒருக்க போட்டுப் பாத்தேன், அதே மாதிரிதான்."

மெக்கானிக் வரவே இல்லை. "புட்வால்வுல சருகு மாட்டியிருக்கும், காத்து புடிச்சிருக்கும். வால்வை சுத்தம் பண்ணி, பைப்புல தண்ணி ஊத்தி எடுங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அரை மணியில் தண்ணீர் வந்தது.

என் அப்பா ஐந்தாம் வகுப்பு. "மோட்டார் ஹேங் ஆயிடுச்சு" என்று அவர் சொல்லவில்லை. ஓடவில்லையா, ஓடியும் தண்ணீர் வரவில்லையா என்பதைப் பிரித்துச் சொன்னார். எப்போது வரை நன்றாக இருந்தது, இடையில் என்ன மாறியது, தான் என்ன செய்து பார்த்தார் என்பதையும் சொன்னார். டிப்ளமோ படிக்கும் எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பி, ப்ராசஸ் பாடத்தை முதலிலிருந்து படித்தேன். படித்ததைக் கீழே தருகிறேன்.

1. ப்ராசஸ் என்றால் என்ன?

புரோகிராம் என்பது டிஸ்க்கில் கிடக்கும் ஒரு ஃபைல். அது மெமரியில் ஏறி ஓடத் தொடங்கினால் ப்ராசஸ். ஒரே புரோகிராமை ஐந்து பேர் ஓட்டினால் ஐந்து ப்ராசஸ். ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கிறது, அதற்கு பி.ஐ.டி. என்று பெயர். பெயர் பொதுவாக இருக்கலாம், எண் அந்த நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே. நம் வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தாலும் பதிவெண் வேறு வேறு அல்லவா, அதைப்போல.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. நாம் ஷெல்லில் தட்டும் கட்டளைக்கு அந்த ஷெல்தான் பெற்றோர். மேலே போய்க்கொண்டே இருந்தால் 1 என்ற எண்ணில் முடியும். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த 1ஆம் எண், சிஸ்டம்டி என்பது.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். எண்ணைப் பார்க்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கில்ஆல் கட்டளை அந்தப் பெயருள்ள எல்லாவற்றுக்கும் போகும்.

2. பார்ப்பது எப்படி?

பி.எஸ் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஏ யூ எக்ஸ் என்ற மூன்று எழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள். கணினியில் உள்ள எல்லா ப்ராசஸும் பட்டியலாக வரும். 11 பத்திகள் இருக்கும். பயந்துவிட வேண்டாம். தொடக்கத்தில் ஐந்தைப் பார்த்தால் போதும்: 2ஆவது பத்தி பி.ஐ.டி., 3ஆவது சி.பி.யு. சதவீதம், 7ஆவது எந்த டெர்மினல், 8ஆவது நிலை, கடைசியில் கட்டளையின் பெயர்.

இவற்றில் டெர்மினல் பத்தி மிகவும் முக்கியம். உங்கள் ஜன்னலில் டி.டி.ஒய் என்று தட்டினால் அந்த டெர்மினலின் பெயரைச் சொல்லும். அதையும் பட்டியலையும் ஒப்பிட்டால் எது உங்களுடையது, எது அடுத்தவருடையது என்று தெரிந்துவிடும். அன்று இதை மட்டும் செய்திருந்தால் அக்காவின் 200 அளவுகள் பிழைத்திருக்கும்.

பி.எஸ் என்பது போட்டோ. அந்த நொடியை மட்டும் காட்டும். டாப் என்ற கட்டளை வீடியோ மாதிரி. வழக்கமாக 3 நொடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக் காட்டும். வெளியே வர க்யூ எழுத்தை அழுத்துங்கள்.

3. அந்த ஓர் எழுத்து

நிலைப் பத்தியின் முதல் எழுத்துதான் அப்பா சொன்ன "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல" என்பது.

ஆர் – ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஓடத் தயாராக வரிசையில் நிற்கிறது. சி.பி.யு. 100ஐ ஒட்டியே நின்று, விடையும் வராவிட்டால் முடியாத லூப்பில் மாட்டியிருக்கலாம்.

எஸ் – தூங்குகிறது. எதற்காகவோ காத்திருக்கிறது. கீபோர்டாக இருக்கலாம், நெட்வொர்க்காக இருக்கலாம். பட்டியலில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இது நோய் அல்ல.

டி (டிஸ்க்கின் முதல் எழுத்து) – எழுப்ப முடியாத தூக்கம். பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதி, படித்து முடிக்கக் காத்திருப்பது. இந்த நிலையில் 9ஆம் சிக்னல்கூட உடனே வேலை செய்யாது.

டீ (டைமின் முதல் எழுத்து) – நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் இதுதான் நடக்கும். நம்மில் பலர் அதை அழுத்திவிட்டு புரோகிராம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். முடியவில்லை, நிற்கிறது. ஜாப்ஸ் என்று தட்டிப் பாருங்கள், அங்கே இருக்கும். எஃப்.ஜி என்று தட்டினால் மறுபடி முன்னால் வந்து ஓடும், பி.ஜி என்றால் பின்னணியில் ஓடும்.

இசட் – ஜோம்பி. இது ஏற்கெனவே முடிந்துபோனது. அதன் முடிவை இன்னும் பெற்றோர் கேட்டு வாங்கவில்லை; அதனால் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்ததைத் திரும்பக் கொல்ல முடியாது. பெற்றோரைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை அதே புரோகிராமை மறுபடி ஓட்டி, வேறு ஜன்னலில் பி.எஸ் பார்த்தேன். நிலை எஸ். சி.பி.யு. 0. அதாவது அது ஹேங் ஆகவே இல்லை! ஸ்கேன்எஃப் வரியில் நின்று, நான் எண்களைத் தட்டுவேன் என்று காத்திருந்தது. "எண்ணைக் கொடுக்கவும்" என்று ஒரு பிரிண்ட்எஃப் கூட நான் எழுதவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன். அது எனக்காகக் காத்திருந்தது. இதற்காகத்தான் ஐந்தாறு பேர் வேலையைக் கெடுத்தேன்.

4. கில் என்றால் கொல்வது மட்டும் அல்ல

கில் கட்டளையின் பெயர்தான் கொடூரம். உண்மையில் அது ஒரு ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்பும் தபால்காரர். கில் மைனஸ் எல் என்று தட்டினால் சிக்னல்களின் பட்டியல் வரும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

2 – கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் போவது இது. நம் டெர்மினலில் முன்னால் ஓடுவதற்கு மட்டுமே போகும். அன்று எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

15 – கில் என்று தட்டி எண்ணை மட்டும் கொடுத்தால் போவது இது. "தயவுசெய்து முடித்துக்கொள்" என்று சொல்வது. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் கையில் உள்ளதைச் சேமித்துவிட்டு முடியும்.

9 – இது ப்ராசஸின் காதுக்கே போகாது. கெர்னலே அதை முடித்துவிடும். சேமிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது.

19 – நிறுத்தி வைப்பது. 18 – தொடரச் சொல்வது. (இவை நம் லேபில் உள்ள வகைக் கணினிகளுக்கான எண்கள்.) 9, 19 இரண்டையும் எந்தப் புரோகிராமாலும் தடுக்க முடியாது.

அக்கா தன் புரோகிராமில் 15 வந்தால் அதுவரை எடுத்த அளவுகளை ஃபைலில் எழுதிவிட்டு முடியும்படி எழுதி வைத்திருந்தார். நான் மைனஸ் 9ஐ விட்டிருந்தால்கூட அவருக்கு அந்த அளவுகள் கிடைத்திருக்கும். "நானும் அப்பப்ப ஃபைல்ல எழுதியிருக்கணும், என் மேலயும் தப்பு இருக்கு" என்று அவர் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நிலையைப் பார். பிறகு உன்னுடையதா என்று டெர்மினலைப் பார். தேவைப்பட்டால் கண்ட்ரோல் சி. முடியாவிட்டால் எண்ணைக் கொடுத்து 15. சில நொடி பொறு. அதற்கும் அசையாவிட்டால் மட்டுமே 9.

5. கேள்வி கேட்பது எப்படி?

என் நண்பன் தவறான பதில் சொல்லவில்லை. நான் கேட்டது "எப்படி க்ளோஸ் பண்றது?" அவன் சொன்னது க்ளோஸ் பண்ணும் வழி. எனக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது "ஏன் விடை வரவில்லை?" என்பது. நோயைச் சொல்லாமல், நானாக முடிவு செய்த மருந்தை மட்டும் கேட்டேன். மருந்து கிடைத்தது.

'ஹேங்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அது எதையும் சொல்வதில்லை. மேலே பார்த்த ஐந்து நிலைகளில் எதையும் நாம் ஹேங் என்றுதான் சொல்கிறோம். கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

இப்போது நான் கேட்பதற்கு முன் நோட்டில் ஐந்து வரி எழுதுகிறேன்:

என்ன செய்ய நினைத்தேன்? என்ன தட்டினேன், எழுத்து மாறாமல்? என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது (பிழைச்செய்தி இருந்தால் அதையும் அப்படியே)? கடைசியாக எப்போது சரியாக இருந்தது, அதன்பின் என்ன மாற்றினேன்? நானாக என்ன செய்து பார்த்தேன்?

அன்றைய கேள்வியை இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? "பத்து எண்களைக் கூட்டும் சி புரோகிராமை ஓட்டினேன். கூட்டுத்தொகை வரும் என்று பார்த்தால் 2 நிமிடமாக ஒன்றும் வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. பி.எஸ்ஸில் நிலை எஸ், சி.பி.யு. 0. நேற்று எண்களைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதியபோது ஓடியது; இன்று ஸ்கேன்எஃப் போட்டேன். எதற்காகக் காத்திருக்கிறது?"

கடைசி வரியை எழுதும்போதே விடை தெரிந்துவிடுகிறது, பார்த்தீர்களா? இப்படி எழுத ஆரம்பித்த பிறகு, என் கேள்விகளில் பாதியை நான் யாரிடமும் கேட்க வேண்டியே வரவில்லை. மீதியைக் கேட்கும்போது சாரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லித் தருகிறார். மேன் என்று தட்டி, இடம் விட்டுக் கட்டளையின் பெயரைத் தட்டினால் அதைப் பற்றிய விளக்கம் கணினியிலேயே வரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

கேட்பது கேவலம் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு செய்தி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். ஆண்ட்ரூ டனன்பாம் பாடத்திற்காக எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைத்தான் அவரும் பயன்படுத்தி வந்தார். அந்த ஜூலையில், பாசிக்ஸ் என்ற தரவிதிகள் எங்கே கிடைக்கும் என்று மினிக்ஸ் பயன்படுத்துவோரிடம் கேட்டார். ஆகஸ்டில், தான் ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, மினிக்ஸில் அவர்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். நாம் லேபில் தட்டிக்கொண்டிருக்கும் இந்த லினக்ஸ் வெளியுலகிற்கு வந்தது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

முடிவாக

அன்று மதியம் 1.15க்கு அக்கா மறுபடி தொடங்கினார். லேப் மூடும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏ.அவுட்டைத் தொடாமல் காவல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. கம்பைல் செய்யும்போது மைனஸ் ஓ போட்டுத் தனிப்பெயர் கொடுக்க அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரமே சார் எங்கள் எல்லோருக்கும் தனித்தனி யூசர் பெயர் போட்டுக் கொடுத்தார். இப்போது அடுத்தவர் ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்பினால் லினக்ஸே "அனுமதி இல்லை" என்று மறுத்துவிடும்.

தீபாவளி விடுமுறையில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பி.ஐ.டி., சிக்னல் எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தப் புள்ளைக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்து மன்னிப்பு கேட்டியா?" என்றார். நேரில்தான் கேட்டிருந்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. அக்கா, இந்தக் கட்டுரையை அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.



– இரண்டாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை